எந்த வரேன்?

நாரை மனிதன் செத்தானா பிழைத்தானா என்று தமிழ் பேசும் ரசிகர்கள் அத்தனை பேரும் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம். அந்த ஆள், விஷயம் வெடித்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அடுப்பில் பால் பொங்கி வழிவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அணைக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

வேறு எந்த மொழியிலும் இந்தக் குழப்பம் இல்லை. படத்தின் கடைசிக் காட்சி இதுதான். கடலோரப் பாறை, கொட்டும் மழை, எதிரே ஊரையே விழுங்க வரும் புயல். அதன் நடுவே போய் வெடித்தால்தான் ஊர் பிழைக்கும். நாரை மனிதன் தன் பறக்கும் வண்டியில் கால் வைக்கும் முன், காதலியைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு சொல் சொல்கிறான். மூலமொழியில் அந்தச் சொல்லுக்கு, இனி நாம் சந்திக்கப்போவதில்லை என்று அர்த்தம். மற்ற மொழிக்காரர்கள் எல்லாரும் அழுதார்கள், மூக்கைச் சிந்தினார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள்.

தமிழில் மட்டும் அவன் "வரேன்" என்றான்.

மூன்றே எழுத்து. நாரை மனிதன் கதை இத்தோடு முடிந்தது, அடுத்த பாகம் கிடையாது என்று படக் கம்பெனி அறிவித்ததும், "அப்புறம் எதுக்குடா வரேன்னு சொன்ன?" என்று தமிழ் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். உலக ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்துக்குப் படையெடுத்து, "கொடுத்த வாக்கைக் காப்பாற்று" என்று வரிசையாகப் போட்டார்கள். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள், யார், யாருக்கு, எப்போது வாக்குக் கொடுத்தது என்று தெரியாமல் திருதிருவென முழித்தார்கள்.

அந்த மூன்று எழுத்தையும் எழுதியவர்தான் நம் பால்காரர். அதாவது, பாலைப் பொங்கவிட்டவர்.

பிறமொழிப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது அவர் பிழைப்பு. டப்பிங் ஸ்டூடியோவில் அவருக்கு உதட்டு வாத்தியார் என்று பெயர். நாளடைவில் உதடு உதிர்ந்து வெறும் வாத்தியார் ஆகிவிட்டார். திரையில் இருப்பவன் உதடு மூடினால் தமிழிலும் உதடு மூடும் எழுத்து வர வேண்டும், திறந்தால் திறக்கும் எழுத்து. அர்த்தம் அதற்கப்புறம்தான். பாறைமேல் நின்றவனின் முகம் திரை முழுக்க இருந்து தொலைத்தது. மேல்பல் கீழுதட்டைத் தொட்டது, வாய் திறந்தது, திறந்தபடியே நின்றது. "போறேன்" என்று வைத்தால் முதலில் உதடு மூட வேண்டும், மூடவில்லை. "கிளம்புறேன்" நடுவழியில் மூடியது. "விடைபெறுகிறேன்" என்று போட்டுப் பார்த்தார். சொல் முடிவதற்குள் புயல் ஆளைக் கொண்டுபோயிருந்தது. "வரேன்" மட்டும் அளவெடுத்துத் தைத்ததுபோல் போய் உட்கார்ந்தது. அவன் முதுகைக் காட்டி நின்றிருந்தால் வாத்தியார் அரைப் பக்கத்துக்கு உருக்கமாக எழுதியிருப்பார்.

தொழில் முற்றியதில், பேசுகிறவர் கண்ணைப் பார்க்கும் வழக்கமே அவருக்கு அற்றுப்போயிருந்தது. வங்கியிலும் சரி, துக்க வீட்டிலும் சரி, உதட்டைத்தான் பார்ப்பார். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண்மணி இதற்காகத் திட்டினார். திட்டும்போதும் அவர் உதட்டையே பார்த்து, "நல்ல தெளிவான உச்சரிப்பு" என்று பாராட்டி, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்க வேண்டியதாயிற்று.

அவர் மனைவிக்குத் தொழில் பல். பல் செட் செய்து தரும் லேபில் மெழுகும் பிளாஸ்டருமாக வேலை. வாத்தியாரின் மனைவி என்பதால் அவர் வாத்தியாரம்மா. இரண்டு பேரும் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. வாத்தியாரம்மாவின் தம்பி கண்ணாடிக் கடை வைத்திருந்தான். "உதடு நான், பல்லு நீ, கண்ணு மச்சான். ஒரு மூக்கு மட்டும் கிடைச்சா குடும்பத்துக்கு முழு முகம் வந்துடும்" என்பது கல்யாணமான நாளிலிருந்து வாத்தியார் சொல்லிவரும் ஜோக். முதல் சில வருடங்கள் வாத்தியாரம்மா சிரித்தார். பிறகு புன்னகைத்தார். பிறகு, "ம்" என்றார்.

எழுதி முடித்த வசனத்தை மனைவியைச் சொல்லவைத்து உதட்டைப் பார்ப்பது வாத்தியாரின் வேலை முறை. "வரேன்" தயாரான அன்றும் வாத்தியாரம்மா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்லிக்காட்டினார். சொல்லிவிட்டு, "இது சரியில்லைங்க. அவன் போறான். வரேன்னு சொன்னா நம்பிடுவாங்க" என்றார்.

"அட, போகும்போது எல்லாரும் அப்படித்தானே சொல்றோம்? இதையெல்லாம் யாரு உக்காந்து கவனிக்கப்போறாங்க?"

"கவனிக்கிறவங்க கவனிப்பாங்க" என்று எழுந்து போய்விட்டார் வாத்தியாரம்மா.

படம் வெளியாவதற்குள் வேறொன்று நடந்தது. லேப் முதலாளி இன்னொரு நகரத்தில் புதிய கிளை திறந்து, அதை வாத்தியாரம்மாவின் பொறுப்பில் விட்டார். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது என்று சொல்ல முடியாது. வாத்தியாரம்மா பேச்செடுத்தார், வாத்தியார் ஜோக்கடித்தார். "அந்த ஊர்க்காரங்களுக்குப் பல்லே கிடையாதா?" என்றார். "நீ போயிட்டா நான் யார் உதட்டைப் பார்ப்பேன்?" என்றார். ஒரு நாள் வாத்தியாரம்மா பெட்டியோடு வாசலில் நின்றார். செருப்பை மாட்டினார். கொஞ்ச நேரம் நின்றார்.

"வரேன்" என்றார்.

வாத்தியார் வழக்கம்போல் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியே பொருந்துது, ஒரு இம்மி பிசகல" என்றார்.

வாத்தியாரம்மா போய் இரண்டு மாதமாகிறது. அன்று சொன்னது எந்த வரேன் என்று வாத்தியாருக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வருகிறேன் என்ற வரேனா, போய்த் தொலைகிறேன் என்பதை மரியாதையாகச் சொன்ன வரேனா? அந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு என்று எச்சரித்தவரே அதைச் சொல்லிவிட்டுப் போனதுதான் வாத்தியாருக்குப் பிடிபடவில்லை.

தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கத்தரிக்கோல் எங்கே, தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எது, சட்டைக் காலரில் கறை எப்படிப் போகும். முக்கியமானதைக் கேட்க வாய் வரவில்லை. சுற்றி வளைத்து, "உன் டம்ளரை மேல் தட்டுல வைக்கவா, கீழ்த் தட்டுல வைக்கவா?" என்று ஒருமுறை கேட்டார். மேல் தட்டு, வீட்டில் இல்லாதவர்களின் பாத்திரம் இருக்கும் தட்டு.

"கைக்கு எட்டுற இடத்துல வைங்க" என்றார் வாத்தியாரம்மா.

யார் கைக்கு? வாத்தியார் இதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினார்.

பால் முழுக்க அடுப்பில் கவிழ்ந்து தீய்ந்த வாடை வந்தபோதுதான் மச்சானின் போன் வந்தது.

"மாமா, மத்தியானம் நம்ம கடைக்கு வர்றீங்களா? எங்க ரசிகர் மன்றம் இருக்கே, நாரைப் படை, அது கூடுது. வசனம் எழுதினவர் என் மாமாதான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"அடிப்பாங்களா?"

"கேள்விதான் கேப்பாங்க மாமா. அதுக்கு அடியே மேல்னு தோணும்."

வாத்தியார் ஒப்புக்கொண்டது நாரை மனிதனுக்காக அல்ல. மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அக்காவும் தம்பியும் வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறவர்கள். அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

கடை ஞாயிறு விடுமுறை. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தால், சுவர் முழுக்கக் கண்ணாடி பிரேம்கள் ஆளில்லாத முகங்களாக வரிசையில் நின்று முறைத்தன. நடுவில் கண் பரிசோதனை நாற்காலி. எதிரே பெரிய எழுத்திலிருந்து எறும்பு எழுத்துவரை இறங்கும் பலகை. பேசுகிறவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், அவர் எழுந்திருக்கும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது நாரைப் படையின் ஒரே விதி. அதை யாரும் கடைப்பிடித்ததாக வரலாறு இல்லை.

படை என்றால் நாலே பேர்தான். மச்சான். நகரப் பேருந்து ஓட்டும் டிரைவரம்மா. ஒரு பிளம்பர். ஒரு மருந்துக் கடைக்காரர். பிளம்பர், நாரை மனிதன் வருவான் என்னும் கட்சி. மருந்துக் கடைக்காரர், போனவன் போனவன்தான் என்னும் கட்சி. டிரைவரம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. இரண்டு கட்சிக்கும் பிரேக் போடுவது அவர் வேலை.

வாத்தியார் மச்சானை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "உங்க அக்கா ஏதாவது சொன்னாளா?"

"எதைப் பத்தி?"

"பொதுவா. ஊருக்கு வர்றது போறது பத்தி."

மச்சான் ஒரு பிரேமை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த பிரேம். "மாமா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் லென்ஸ் மாதிரி. என் வழியாப் பாத்தா ஒண்ணு பெருசாத் தெரியும், இல்ல சிறுசாத் தெரியும். நேரா அக்காகிட்டயே கேட்டுருங்க."

அதற்குள் பிளம்பர் சத்தம் போட்டுக் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார். "பெரிய கேள்விக்கு முன்னாடி சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் அடைச்சிடுவோம். முதல்ல அந்தக் கடலுக்கு அடியில இருக்கிற ரகசிய இடம். அதுல ஒரு பாத்ரூம் காட்டுறான். ஷவர் கூட இருக்கு. கழிவுத் தண்ணி எங்க போகுது?"

"கடலுக்குத்தான்" என்றான் மச்சான்.

"மேல கடல், சுத்திக் கடல். அந்த அழுத்தத்தை மீறித் தண்ணியை வெளிய தள்ளணும்னா லாரி சைஸ்ல மோட்டார் வேணும். அந்தச் சத்தத்துக்கே வில்லன் கண்டுபிடிச்சிருப்பானே! படம் பூராவும் தேடுறானாம்."

"உங்க குழாயை விடுங்க" என்றார் மருந்துக் கடைக்காரர். "விஷ முறிவு மருந்தை ஒரு பாட்டில் மொத்தமாக் கவுத்துக் குடிக்கிறான். சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயான்னு ஒருத்தனும் கேக்கல. வெறும் வயித்துல அதைக் குடிச்சவன் எப்படிச் சண்டை போடுவான்? சுருண்டு படுத்திருப்பான்."

"என் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதே இல்ல" என்றான் மச்சான். "முதல் சீன்ல அவன் போட்டிருக்கிறது மைனஸ் அஞ்சு. லென்ஸ் ஓரத் தடிமனைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். நாரை வந்து மண்டையில கொத்தினதும் கண்ணாடி இல்லாமப் பறக்கிறான். கொத்தினா பவர் இறங்குமா? அப்படின்னா நான் கடையை மூடிட்டு நாரை வளர்க்கிறேன்."

"இறக்கை இருக்கிறவனுக்குப் பறக்கிற வண்டி எதுக்கு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"எனக்குக் காலு இருக்கு. நான் பஸ் ஓட்டலியா?" என்றார் டிரைவரம்மா.  அவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். "மழையில இறக்கை நனைஞ்சா அவனால பறக்க முடியாதுன்னு பாதிப் படத்துலயே சொல்லிட்டாங்க. அதனால வண்டி. அது இருக்கட்டும். அந்த வண்டியில பின் சீட்டு ஒண்ணு இருக்கு. பெல்ட் கூடத் தொங்குது. படம் பூரா ஒருத்தரும் அதுல உக்காரல. அவன் கிளம்புறான், இவ பாறைமேல நின்னு அழுவுறா. நானும் வரேன்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"போனா செத்துடுவா" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"அதை அவ முடிவு பண்ணட்டும். கேக்கலாம்ல? சீட்டு காலியாத்தானே இருக்கு?"

வாத்தியார் தொழில் முறையில் பதில் சொன்னார். "அந்த இடத்துல அந்தப் பொண்ணு உதடு மூடியே இருந்துச்சுங்க. வசனம் வைக்க இடமில்ல."

டிரைவரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இது பதிலா?"

நாற்காலியிலிருந்து அவர் இறங்கியதும், எல்லாருமாகச் சேர்ந்து வாத்தியாரைப் பிடித்து அதில் உட்காரவைத்தார்கள். பிளம்பர் முன்னால் வந்து நின்றார். "இப்ப சொல்லுங்க வாத்தியாரே. நாரை வருவானா மாட்டானா?"

வாத்தியார் உண்மையைச் சொன்னார். அவனுக்கு வரும் எண்ணமே இல்லை, உதடு மூடாததால் வந்த வினை என்றார். யாரும் நம்பவில்லை. "நீங்களே சொல்லிப் பாருங்க. போறேன், வரேன். சுவத்துல இருக்கிற கண்ணாடியைப் பாத்துச் சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

பிரேம் போட்டு அழகு பார்ப்பதற்காகக் கடையில் கண்ணாடிகளுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொன்றின் முன்னால் நின்றார்கள். "போறேன்" என்றார்கள், உதடு மூடித் திறந்தது. "வரேன்" என்றார்கள், மூடவில்லை. மறுபடியும் சொன்னார்கள். பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து எட்டிப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், நாலு பெரிய மனிதர்கள் கண்ணாடியைப் பார்த்து மாறி மாறி "போறேன், வரேன், போறேன், வரேன்" என்று சொல்வதைக் கேட்டார். தலை வந்த வேகத்தில் மறைந்தது.

"அடப்பாவி" என்றார் பிளம்பர், பிரமித்துப்போய். "ஒரு உதட்டுக்காக ஒரு ஆளை உயிரோட வச்சிருக்கீங்களே!"

"நான்தான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன்ல, போனவன் போனவன்தான்" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"இருங்க. எழுதினவர் என்ன நினைச்சா என்ன? சொன்ன சொல் சொன்னதுதான். நாரை வலசை போற பறவை. போகும், திரும்பி வரும். வரேன்னு சொன்னா வருவான்" என்றார் பிளம்பர்.

"நீ வருவியாப்பா?" என்று கேட்டார் டிரைவரம்மா, நிதானமாக. "எங்க வீட்ல குழாய் ஒழுகுதுன்னு கூப்பிட்டப்போ, இதோ வரேன்னு சொன்ன. அடுக்களையில இன்னும் பக்கெட் வச்சிருக்கேன்."

பிளம்பரின் முகம் தொங்கிப்போனது. "அது வேற வரேங்க" என்றார் மெதுவாக. "தொழில் வரேன். அதைச் சொல்லலேன்னா போனை வைக்க விட மாட்டாங்க." வருவான் கட்சி அந்த இடத்திலேயே கலைந்தது.

வாத்தியார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அப்ப எந்த வரேன் வர்ற வரேன், எந்த வரேன் போற வரேன்? எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"எங்க வீட்ல, போறேன்னு சொன்னா எங்கம்மா வாய் மேலயே போடுவாங்க" என்றார் டிரைவரம்மா. "என்ன ஆனாலும் வரேன்னுதான் சொல்லணும். அதனால சொல்லை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது. மூட்டையைப் பாக்கணும். பஸ்ல ஏறுறவங்களைப் பாத்தே நான் சொல்லிடுவேன், யாரு திரும்பி வருவாங்க, யாரு வர மாட்டாங்கன்னு. எதை எடுத்துட்டுப் போனான், எதை விட்டுட்டுப் போனான்னு யோசிங்க."

"குடையை விட்டுட்டுப் போயிருக்கா" என்றார் வாத்தியார்.



"நாரைக்கு ஏது குடை?" என்றார் மருந்துக் கடைக்காரர். பிறகு, "போயிருக்காவா?" என்றார்.

மச்சான் கையில் இருந்த பிரேமைக் கீழே வைத்தான். "மாமா..."

வாய் விட்டது விட்டதுதான். வாத்தியார் எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். புதிய லேப், வாசல், பெட்டி, மூன்றெழுத்து. அவர் எதிர்பார்த்தது கொஞ்சம் அனுதாபம். கிடைத்தது நாரைப் படை.

"குடை மடக்குற குடையா, நீளக் குடையா?" என்று பிளம்பர் உடனே இறங்கினார்.

"நீளம்."

"அப்ப பெட்டியில வைக்க முடியாது. அதுக்கு அர்த்தம் இல்ல. வேற என்ன விட்டுட்டுப் போனாங்க?"

"ஒரு டம்ளர்."

"மாத்திரை மருந்து?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"எடுத்துட்டுப் போயிட்டா."

"எல்லாத்தையுமா? பாதி அட்டையை விட்டுட்டா?"

"அது எங்க அக்காங்க!" என்று கத்தினான் மச்சான். "சினிமா கேரக்டர் மாதிரிப் பேசுறீங்க?"

"தலையணை?" என்று கேட்டார் டிரைவரம்மா.

வாத்தியார் எழுத்துப் பலகையின் கடைசி வரிக்குக் கண்ணைக் கொண்டுபோனார். "எடுத்துட்டுப் போயிட்டா."

எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். மருந்துக் கடைக்காரர் தன் கட்சி ஜெயிப்பதைப் பார்த்து முதல்முறையாக வருத்தப்பட்டார். "கழுத்து வலியா இருக்கும்" என்றார், வாத்தியாரின் தோளைத் தட்டி. "கழுத்து வலிக்காரங்க தலையணையை மாத்தவே கூடாது. நானே நூறு பேருக்குச் சொல்லியிருக்கேன்."

டிரைவரம்மா மட்டும் விடவில்லை. "அவங்க வரேன்னு சொன்னாங்க. சரி. நீங்க என்ன சொன்னீங்க?"

"நானா?"

"ஆமா. அவங்க ஒரு வசனம் சொன்னா உங்களுக்கும் ஒரு வசனம் இருக்கணுமே."

வாத்தியார் சுவரில் இருந்த பிரேம்களைப் பார்த்தார். அத்தனையும் அவரைப் பார்த்தன. "அப்படியே பொருந்துதுன்னு சொன்னேன்."

"எது?"

"உதடு."

 கடைசியில் பிளம்பர்தான், மனம் பொறுக்காமல், மிக மரியாதையாகச் சொன்னார்: "வாத்தியாரே, இந்தக் கதையில வில்லன் நீங்கதான்."

டிரைவரம்மா வாத்தியாரின் சட்டைப் பையிலிருந்த போனைத் தானே எடுத்து அவர் கையில் திணித்தார். "நாரை கதையை அப்புறம் பாத்துக்கலாம். நீங்க பேசுங்க. சுத்தி வளைக்காதீங்க. டம்ளர், கிம்ளர்னு ஆரம்பிச்சீங்க, நான் பிடுங்கிடுவேன்."

வாத்தியார் கடையின் பின்பக்கம் லென்ஸ் தீட்டும் சிறிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கதவு அட்டைக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் நாலு ஜோடிக் காதுகள் வந்து ஒட்டிக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"சொல்லுங்க" என்றார் வாத்தியாரம்மா. பின்னால் ஏதோ இயந்திரம் கிர்ரென்று ஓடியது. ஞாயிற்றுக்கிழமையும் லேபில்தான் இருந்தார்.

"உன் குடை இங்கயே இருக்கு" என்றார் வாத்தியார்.

கதவுக்கு வெளியே யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"தெரியும்."

"இல்ல, அதை நீ விட்டுட்டுப் போனதுக்கு ஏதாவது..."

"மறந்துட்டேங்க. வேற ஒண்ணும் இல்ல. குடையை மறந்துட்டுப் போறது ஒரு பெரிய விஷயமா? நீங்க மூணு குடை பஸ்ல விட்டிருக்கீங்க. இதுக்கா கூப்பிட்டீங்க?"

வாத்தியார் வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் சொல்வார். நாக்கு நுனிவரை ஒன்று வந்தது, மூக்கைப் பற்றியது. போனில் உதடு தெரியாது. பார்த்துக்கொண்டிருக்க ஒன்றுமில்லாமல், கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டார்.

"அன்னிக்கு வாசல்ல வரேன்னு சொன்னியே. அது எந்த வரேன்?"

இயந்திரம் நின்றது. வாத்தியாரம்மா அதை நிறுத்திவிட்டார். நாற்காலி இழுபடும் ஓசை, கையுறையைக் கழற்றும் ஓசை.

"இத்தனை நாள் கழிச்சுக் கேக்கறீங்க."

"கேக்கப் பயமா இருந்துச்சு."

"படத்துக்கு ஏதாவது சிக்கலா? தம்பி சொன்னான், ஊரே அந்த வரேனைப் பிடிச்சு உலுக்குதாமே."

"நான் படத்தைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன். நீ திரும்பி வருவியா, மாட்டியா? எது வேணாலும் சொல்லு. கைக்கு எட்டுற இடம்னு மட்டும் சொல்லாதே."

அட்டைக் கதவு லேசாக உள்பக்கம் வளைந்தது.

"சரி, நேராவே சொல்றேன்" என்றார் வாத்தியாரம்மா. "நான் வர மாட்டேன்."

வாத்தியார் லென்ஸ் தீட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. நான் செஞ்ச பல்லை வச்சு ஒருத்தர் சிரிச்சா அது என் லேப்ல செஞ்ச பல்லு. இதை விட்டுட்டு என்னால வர முடியாது. இதை உங்ககிட்ட மூணு தடவை சொல்ல வந்தேன். மூணு தடவையும் நீங்க ஜோக் சொன்னீங்க. அன்னிக்கு வாசல்ல செருப்பை மாட்டி, கழட்டி, மறுபடி மாட்டினேன். ஞாபகம் இருக்கா?"

"கொஞ்ச நேரம் நின்ன."

"எதுக்கு நின்னேன்னு நினைச்சீங்க? நானும் வரேன்னு நீங்க சொல்வீங்கன்னு நின்னேன். உங்க வேலைக்கு என்ன வேணும்? ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹெட்போன், பாத்துட்டிருக்க ஒரு உதடு. மூணும் இங்கயும் கிடைக்கும். நீங்க என்னன்னா என் வாயைப் பாத்துட்டு, பொருந்துதுன்னீங்க."

வாத்தியார் வாயைத் திறந்தார். மூடினார்.

"இங்க வீட்ல ரெண்டு ரூம். ஒண்ணு சும்மாதான் கிடக்கு. இப்ப புரியுற மாதிரிச் சொல்றேன், கேட்டுக்கோங்க. நான் வர மாட்டேன். நீங்க வாங்க. வரும்போது அந்தக் குடையை எடுத்துட்டு வாங்க, இங்க மழை கொட்டுது."